பெண் பார்க்க வந்தவர்கள் முன் ஒரு ஜெபம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் தினத் தியானப் புத்தகத்தை வாசிப்பதும் வாய்விட்டு ஜெபிப்பதும் என் பொறுப்பு.

ஒரு சனிக்கிழமை, கப்பல்துறை என்ற ஊரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்ததால் அம்மாவுக்குப் பதற்றம். அக்கா குசினியில் போட்ட தேநீர் வந்ததும் அப்பா, "தம்பி, ஒரு சின்ன ஜெபம் பண்ணு" என்றார்.

ஆண்டவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அன்று காலைத் தியானத்தில் வாசித்திருந்தேன். கண்களை மூடித் தொடங்கினேன்.

"ஆண்டவரே, அக்காவின் முன்கோபத்தை மன்னியும். அவ எறிந்து உடைத்த கோப்பைகளையும் மன்னியும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி இவர்களை உட்காரவைத்திருக்கிற இந்தக் கதிரைகளை..."

அம்மா என் தொடையில் கிள்ளினார். உருக்கத்தில் கிள்ளுகிறார் என்று நினைத்து இன்னும் உருக்கமாக ஜெபித்தேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், ஒருவரும் தேநீரைத் தொடவில்லை. அப்பா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அக்காவின் வாழ்வைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய்தான் வாய் திறந்தார்.

"அதுக்குள்ள ஜெபத்தை முடிச்சிட்டீங்களே, தம்பி! என்ர மகன் ஞாயிற்றுக்கிழமையில பத்து மணி மட்டும் படுத்துக்கிடப்பான். கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போக ஏலாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

"அம்மா!" என்றார் மாப்பிள்ளை. குசினிக்குள் அக்கா சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

கலியாணம் நல்லபடி நடந்தது. இப்போதெல்லாம் மற்றவர்களின் குறைகளை மனதுக்குள் சொல்லிவிட்டு, என் குறைகளை மட்டுமே சத்தமாகச் சொல்கிறேன். ஜெபம் முன்னையைவிட நீண்டுவிட்டது என்று அத்தான் குறைப்படுகிறார்.