அப்பாவும் அம்மனின் இரண்டு பூக்களும்

நடந்தவை, வரிசையாக:

1. அப்பாவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன.
2. செங்கல்பட்டில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் தொடங்கியது.
3. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் பல ஆண்டுகள் நன்றாக இருப்பார் என்று மருத்துவர் சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவருடையது ஆகாது. என்னுடையது பொருந்தியது.
4. நான் சம்மதித்தேன்.
5. ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்பா எங்கள் ஊர் அம்மனிடம் பூ கேட்கப் போனார். "உத்தரவு இல்லை" என்று சொல்லித் திரும்பி வந்தார்.
6. ஒன்பது மாதம் கழித்து அப்பா காலமானார்.

இந்த நினைவு மலர் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் உங்கள் கைக்கு வருகிறது. மேலே உள்ள ஆறு வரிகளும் உங்களில் பலருக்குத் தெரியும். நான்காவது வரி மட்டும் சிலருக்குத் தெரியாது. துக்கத்துக்கு வந்த இடத்தில், "ஒரே பொண்ணு, படிச்சி சம்பாதிக்கிது, ஒரு கிட்னி குடுக்க மனசு வரல" என்று பந்தலின் ஓரத்தில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. வேறு சிலர், பூசாரியின் பேச்சை நம்பி ஆளை விட்டுவிட்டோம் என்றார்கள். இரண்டும் தவறு. எப்படித் தவறு என்று எழுதுவதற்கு அப்பாவின் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்பா படாளத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது மகனாகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனராகப் போனார், பிறகு ஓட்டுநரானார். நான் பிறந்து சில ஆண்டுகளில் சொந்தமாக ஒரு 'குட்டி யானை' சரக்கு வண்டி வாங்கினார். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் செதுக்கி முடித்த சாமி சிலைகளைக் கோயில்களுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் கடைசிவரை அவருடைய தொழில்.

சிலை ஏறிவிட்டால் அப்பா செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவார். வெறுங்காலோடுதான் ஓட்டுவார். வெயில் காலத்தில் பெடல் சுடும். பள்ளி விடுமுறையில் கூடப் போகும்போது ஒருமுறை கேட்டேன்.

"இன்னும் கண்ணு தொறக்காத சாமிதானேப்பா? அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ?"

"தொறக்கலன்னா தூங்குதுன்னு அர்த்தம். தூங்கற ஆள எழுப்பாம எடுத்துகினு போவணும். நீ பேசாம வா."

ஒரே ஒரு தடவைதான் அவருடைய வண்டியில் ஒரு சிலைக்குச் சேதம் வந்தது. சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி, அம்மன் சிலையின் சுண்டுவிரல் நுனி உடைந்தது. அரிசி அளவுதான். கோயிலில் வாங்கிக்கொள்ளவில்லை. மூளியான சிலையை யாரும் கும்பிடுவதற்கு வைக்க மாட்டார்கள். திருப்பிப் பட்டறைக்கே கொண்டுபோனார். சிற்பி அதைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டார். அன்று முதல் அப்பா சிலையைச் சுற்றி அண்டைகொடுக்கும் வைக்கோலை இரண்டு மடங்கு போடுவார். சிலைக்கு வைக்கோலா, வைக்கோலுக்குச் சிலையா என்று பட்டறையில் கேலி செய்வார்களாம்.

இனி, பூ கேட்பது. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஏரிக்கரை அம்மனின் இரண்டு தோள்களிலும் பூசாரி ஈரப் பூவை ஒட்டி வைப்பார். கேட்க வந்தவர் எதிரே உட்கார்ந்து கேள்வியை மனதுக்குள் சொல்ல வேண்டும். அம்மனின் வலத்தோள் பூ விழுந்தால் உத்தரவு. இடத்தோள் பூ விழுந்தால் இல்லை. ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கக் கூடாது. முக்கியமானது இது: கேட்டுவிட்டால் கட்டுப்பட வேண்டும்.

அப்பா கட்டுப்பட்டார். வண்டி வாங்கக் கேட்டார், வலப்பக்கம் விழுந்தது, வாங்கினார். என்னைப் பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்க்கக் கேட்டார். பெண்ணைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு விருப்பமில்லை. வலப்பக்கம் விழுந்தது, அன்று மாலையே பெட்டி வாங்கி வந்தார். பட்டறைகளுக்குப் பக்கத்தில், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு மனை விலைக்கு வந்தபோதும் கேட்டார். அதை அவர் எவ்வளவு விரும்பினார் என்று எனக்குத் தெரியும். அங்கே சமையலறை எந்தப் பக்கம் என்பதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் விழுந்தது. அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனையைக் கடக்கும்போது மட்டும் வண்டியின் வேகம் குறையும்.

இந்த எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டது ஒன்று உண்டு. திருமணமாகி எட்டு ஆண்டுகள் பிள்ளையில்லாதபோது அப்பாவும் அம்மாவும் போய்க் கேட்டார்கள். வலப்பக்கப் பூ அம்மாவின் மடியிலேயே வந்து விழுந்ததாக அம்மா சொல்வார். அடுத்த ஆண்டு நான் பிறந்தேன்.

நான் நாவலூரில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். நம்புவதற்கு முன் சரிபார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. ஒருமுறை அம்மன் சிலையை உற்றுப் பார்த்துவிட்டு, "வலது தோள் கொஞ்சம் சரிஞ்சி கீதுப்பா, அதான் அந்தப் பக்கமே அடிக்கடி விழுது" என்றேன்.

"சரிஞ்சா இன்னா? நம்ம பக்கமா சரிஞ்சிகினு கீறா" என்றார்.

டயாலிசிஸ் நாட்களில் அப்பாவின் கட்டில் பக்கத்திலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். நான்கு மணி நேரம். அந்த நேரத்தில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். பரிசோதனைகள் முடிந்து என் சிறுநீரகம் பொருந்தும் என்று தெரிந்த வாரம், ஒரு தாளில் கோடு போட்டு, சிகிச்சையின் நன்மைகளை ஒரு பக்கமும் ஆபத்துகளை மறுபக்கமும் எழுதினேன்.

"இன்னா எழுதிகினு கீற?"

"லிஸ்ட்டுப்பா."

"யாருக்கு, எமனுக்கா? குடு, பாக்கறேன்."

முழுவதும் படித்தார். நன்மைப் பக்கம் பதினொன்று, ஆபத்துப் பக்கம் நான்கு. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீ எழுதினது எல்லாம் சரிதாம்மா. அவளாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்" என்றார். எனக்குத் தைரியமாகவே இருந்தது. அந்தச் சரிந்த தோளை நான் அன்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, தானே நடந்து போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உத்தரவு இல்லம்மா."

"எந்தப் பக்கம் விழுந்துச்சி?"

"எடது." பிறகு அம்மாவைப் பார்த்து, "ஒரு காப்பி குடேன்" என்றார்.

தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய உடம்பு அது. அம்மா அரை டம்ளர் கொடுத்தார். நான் கத்தினேன். அப்பாவிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதலும் கடைசியும். மருத்துவர் பேசினார், அப்பாவின் அண்ணன் வந்து பேசினார். "கேட்டாச்சி, முடிஞ்சிது" என்பதைத் தவிர அப்பா வேறு பதில் சொல்லவில்லை. கடல் மனையையே விட்டுக்கொடுத்தவரிடம் எதைச் சொல்லி வாதாடுவது? முடிந்தவரை வண்டி ஓட்டினார். முடியாதபோது வண்டியைத் துடைத்தார். கடைசி வாரத்தில் மூச்சுத் திணறல் வந்தது. ஒரு மதிய நேரத்தில், அம்மாவின் கை அவர் நெற்றியில் இருக்கும்போது போனார்.

காரியம் முடிந்த பிறகும் என்னால் அந்த இடத்தோள் பூவை விட முடியவில்லை. அம்மன் மேல் கோபம், பூசாரி மேல் அதைவிட. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் நேரே கோயிலுக்குப் போனேன். பூசாரி மாமா அப்பாவோடு படித்தவர், மச்சான் என்றுதான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கி பூவ எப்படி வெச்சீங்க? எடப்பக்கம் விழற மாதிரி வெச்சீங்களா?"

அவர் துலக்குவதை நிறுத்தவில்லை. "ஊரே கேக்குது, நீ கேக்கலியேன்னு பாத்தேன்" என்றார். பிறகு விளக்கைக் கீழே வைத்தார்.

"பூவே வெக்கல பாப்பா. நான் நனைச்சி எடுத்துகினு வந்தேன். உங்கப்பன் கையப் புடிச்சிகினான். 'வேணாம் மச்சான், கேட்டா உத்தரவு குடுத்துடுவா. குடுத்துட்டா நான் மாட்டேன்னு சொல்ல முடியாது'ன்னான்."

மாமா அம்மனின் காலடியைக் காட்டினார்.

"நீ எழுதிக் குடுத்தியாமே ஒரு பேப்பரு, அத எடுத்து அம்மன் காலாண்ட வெச்சான். 'புள்ளய முழுசா கேட்டேன், முழுசா குடுத்தா. அத நானே மூளி பண்ணுவனா? வழியில கீறல் வுழாம கொண்டுபோய் சேக்கறதுதான மச்சான் நம்ம வேல'ன்னான். அப்புறம் பேசவே இல்ல. அப்பிடியே உக்காந்துகினு இருந்தான். யாராண்டயும் சொல்லாதன்னு சூடத்து மேல கைய வெக்கச் சொன்னான். வெச்சேன்."

"இப்ப சொல்லிட்டீங்களே."

"நீ அவ மேல பழி போட்டுகினு வந்து நிக்கிற. என்ன திட்டினா போவட்டும். அவ இன்னா பண்ணா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெகுநேரம் அழுதார். பிறகு, "காப்பி கேட்டாரு பாரு, அப்பவே நெனச்சேன். பொய் சொன்னா அவருக்கு வாய் காஞ்சிடும்" என்றார். இதை மலரில் எழுதலாம் என்று சொன்னதும் அம்மாதான். பூசாரி மாமாவும் ஒப்புக்கொண்டார்.

ஒரு சோதனையைச் செய்து பார்க்காமலே 'தோல்வி' என்று பதிவு செய்வது எங்கள் தொழிலில் பெரிய பிழை. 'சோதிக்கப்படவில்லை' என்றுதான் எழுத வேண்டும். எனவே மேலே உள்ள பட்டியலின் ஐந்தாவது வரியை உறவினர்கள் இப்படித் திருத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: அப்பா அம்மனிடம் போனார், கேட்கவில்லை.

கேட்டிருந்தால் எந்தப் பக்கம் விழுந்திருக்கும்? சென்ற மாதம் மாமாவிடம் அதைக் கேட்கத்தான் போனேன். "ஆனத கேக்கக் கூடாது பாப்பா. ஆவப்போறதத்தான் கேக்கணும்" என்றுவிட்டார். பூ வைக்காமலே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா உட்கார்ந்த இடம் எது என்று மாமா காட்டினார். அம்மன் அவருக்கு ஏதாவது சொன்னாளா, அல்லது அவரே முடிவெடுத்து அவளுக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை அவள் சொன்னதைக் கேட்டு நடந்தவர், ஒரே ஒரு முறை அவளைப் பேசவிடவில்லை. அந்த ஒரு முறை எனக்காக. அதை நினைக்கும்போது பெருமை வருவதில்லை. அப்பா வேண்டும் என்றுதான் வருகிறது. கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகும்போது வைக்கோல் ஏற்றிய சிறு வண்டி தென்பட்டால், ஓட்டுபவரின் காலைப் பார்க்க இன்னமும் எட்டிப் பார்க்கிறேன்.

அப்பாவின் கட்டிலை எப்போதும் ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொடுத்த டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், வண்டி ஓடாத மாதங்களில் சரக்கு இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வந்து போன பட்டறைச் சிற்பிகளுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ எடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், அம்மாவைத் தனியே விடாத பெரியப்பா குடும்பத்துக்கும் எங்கள் வணக்கம். ஊரின் ஏச்சை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்ட பூசாரி மாமாவிடம் நாங்கள் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம்.

இன்றைய நிலை இது. அம்மா நலமாக இருக்கிறார். வண்டி வாசலில் நிற்கிறது; ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டிப் பழகுகிறேன். என் இரண்டு சிறுநீரகங்களும் என்னிடமே இருக்கின்றன. அப்பா இல்லை.