முதலாளி கொடுத்துவிட்டுப் போன முக்தியார்

தைப்பூசத்துக்கு எங்கள் முதலாளி பழனிக்கு நடந்தே போவார். போனை வீட்டிலேயே வைத்துவிடுவார். அது அவருடைய வேண்டுதல். நான் அவருடைய எக்ஸ்போர்ட் பனியன் பேக்டரிக்கு மேனேஜர் ஆன வருஷம், கிளம்பும்போது எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் அம்மணிதானுங்க முக்தியார்."

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. பொங்கலூரில் எங்கள் நிலத்துக்காக அப்பா பெரியப்பாவுக்கு முக்தியார் எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரம் எழுதியவர் அப்போதே விளக்கினார்: அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக நம் கோர்ட்டு கச்சேரிகளுக்கு வந்த சொல், தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று பொருள். முக்தியார் போடும் கையெழுத்து, கொடுத்தவரே போட்ட மாதிரி.

முதலாளி போன மறுநாள் சாயம் போடும் டையிங் யூனிட்டிலிருந்து துணி வந்தது. வெளிநாட்டுப் பையர் அப்ரூவ் செய்த கலர் ஷேடோடு சேர்த்து, பலவித வெளிச்சம் காட்டும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் சரியாக இருந்தது, கடை வெளிச்சத்தில் சிவப்படித்தது. திருப்பி அனுப்பினால் கப்பலை விட்டுவிடுவோம்; விமானத்தில் அனுப்பினால் லாபம் போச்சு. வெட்டித் தைத்தால் மொத்த ஆர்டரும் ரிஜெக்ட் ஆகலாம். எப்படிப் போனாலும் உருளப்போவது என் தலை.

டையிங் யூனிட்காரர் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, ஓனர் இருந்தா ஓகே பண்ணீருவாருங்க. அவரு வந்து பாக்கட்டுமுங்களே."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வரட்டும் என்று தள்ளிப்போடுவதற்கு முக்தியார் எதற்கு? "எடுத்துட்டுப் போயி மறுபடி சாயம் போடுங்க" என்றேன்.

காலில் கொப்புளத்தோடு திரும்பிய முதலாளி, ரூம் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார்: "நானா இருந்தா கட்டிங் போட்டிருப்பனுங்க! ஏர் சார்ஜை யாரு கட்டறது?"

வெளியே போகலாமென்று நான் கதவைத் திறந்தால் டையிங்காரர் நிற்கிறார். எடுத்துப் போன துணியில் கையே வைக்காமல் முதலாளிக்காகக் காத்திருந்திருக்கிறார். "அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவங்க வேண்டாம்னா நான் வேண்டாம்னதுதானுங்க. சாயத்தைப் போட்டுக் கொண்டாங்க" என்றார் முதலாளி.

அந்தத் துணியை அப்படியே தைத்து அனுப்பியிருந்தால் பையர் ஏற்றிருப்பாரோ என்னவோ, இன்றுவரை தெரியாது. இப்போது நான் லீவில் போனால் சூப்பர்வைசரிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் போகிறேன். திரும்பி வந்தால் அவள் செய்ததில் ஏதாவது குறை கண்ணில் படத்தான் செய்யும். கதவைச் சாத்திவிட்டுத்தான் கத்துவேன்.