நனைத்த மல்லாட்டை

என் கணவரின் நுரையீரல் நாராக இறுகிக்கொண்டிருக்கிறது என்று விழுப்புரத்து டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். வருஷா வருஷம் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். திசுக்கள் பாடத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்று ஒன்று வரும். நார்ச்செல், காயத்தை மூட உதவும் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். சாதுவாகப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது இப்படி வீட்டுக்குள் புகும் என்று யார் கண்டது?

அவருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில். காய்ந்த காயை அப்படியே மெஷினில் போட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும், நல்ல விலைக்குப் போகாது. அதனால் முந்தின சாயங்காலமே தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்கள். காலையில் பாயை விலக்கி, கை நிறைய அள்ளி முகர்ந்து பார்த்த பிறகுதான் மெஷினை ஓட விடுவார். பதம் மூக்குக்குத் தெரியும் என்பார். அந்த மூக்கின் மேல் அவருக்கு அவ்வளவு பெருமை.

இருமல் தொடங்கியபோது உள்ளூர் டாக்டர், தூசி ஆகாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். இவர் டாக்டர் பேச்சைத் தட்டாத மனிதர், என் பேச்சைத்தான் தட்டுவார். தூசி பறக்கக் கூடாதென்று தெளிக்கிற தண்ணீரைக் கூட்டினார். உடைத்த தோல் குவியலையும் நனைக்கச் சொன்னார். மில்லில் தூசி அடங்கிவிட்டது. இருமல் அடங்கவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிய ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் விழுப்புரத்துக்குப் போனோம்.

ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் வேலையைப் பற்றி விசாரித்தார். தண்ணீர் தெளிக்கிற கதை வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். ஈரத்தில் பூசணம் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத அதன் தூள்தான் உள்ளே போய்ப் புண்ணாக்கியிருக்கிறது என்றார். என் கணவருக்குப் புரியவில்லை.

"ஒரு நாள்கூடத் தண்ணி கொறைச்சதில்லீங்க சார்" என்றார், நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கப் போகிறவர்போல.

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். புண்பட்ட இடத்துச் செல்கள், இங்கே காயம் என்று சில மூலக்கூறுகளைச் சேதியாக அனுப்பும். சேதி கிடைத்ததும் நார்ச்செல்கள் விழித்துக்கொண்டு நாரைப் பின்னத் தொடங்கும். காயம் மூடியதும் சேதி நின்றுபோகும், அவையும் ஓய்ந்துவிடும். இவருக்கோ தினமும் காலையில் புதுக் காயம், தினமும் சேதி. வேலை முடிந்தது என்று யாரும் சொல்லாததால் ஜன்னலையும் சேர்த்துப் பூசிவிட்ட கொத்தனார் கதைதான். மில்லை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றார். ஆனால் இறுகிப்போன இடமே இப்போது அந்தச் சேதியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது, மாத்திரை வேகத்தைக் குறைக்கும், பின்னியதைப் பிரிக்காது என்றார்.

மில்லை மூடினோம். மாத்திரையால் அவருக்குச் சோறு பிடிக்காமல் போனது, வெயிலில் நின்றால் தோல் எரிந்தது. பக்கத்து ஊர் பிரம்மதேசத்திலிருந்து என் நாத்தனார் ஆட்டு நுரையீரலை மிளகு போட்டு வறுத்துக்கொண்டு வந்தாள். நுரையீரலுக்கு நுரையீரல் என்ற கணக்கு. அக்கா மனசு நோகக் கூடாதென்று தின்றுவிட்டு, அவள் பஸ் ஏறியதும் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம். யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

இப்போது ஆக்சிஜன் மெஷினின் குழாய் எட்டுகிற தூரம்தான் அவர் நடமாட்டம். போன மாதம் உட்கார்ந்தபடியே மாங்காய் நறுக்கும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டார். நேற்றுக் காலை அந்த விரலை என்னிடம் நீட்டினார். மெல்லிய ஒரு கோடு மட்டும் இருந்தது.

"எவ்ளோ ஜல்தியா மூடிக்கிச்சு பாரு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "இங்க நிறுத்தத் தெரிஞ்சுதே. உள்ள ஏன் தெரியல?"

விரலில் ஒரே ஒரு காயம், அது மூடியதும் சேதி நின்றுவிட்டது என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். முடிக்கும்வரை கேட்டார்.

"அப்ப அதுங்க மேல தப்பு இல்ல. நான்தான் தெனம் கூப்ட்டுக்கினு இருந்திருக்கேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாடம் நடத்துகிறவளுக்கு அந்தப் பொய் வரவில்லை. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தேன்.