வேல் அண்ணனின் பேராமைக்கு எந்த ஊர்?

நாங்கள் சாம்பிள் எடுத்த கடலாமை எந்தக் கரையில் பிறந்தது என்று ரிசல்ட் வந்துவிட்டது மக்களே, துள்ளிக்கொண்டு வேல் அண்ணனுக்குப் போன் போட்டால் அவர் பொண்ணு எடுத்து, "அப்பா காலையிலயே எறந்துட்டாங்கண்ணா" என்கிறாள்...

ஹார்ட் அட்டாக். நேற்றுகூட ஷிப்டுக்கு வந்திருந்தார்.

தெரியாதவர்களுக்கு... விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட். அவர் சூளை, நான் பொம்மைக்குப் பெயின்ட். யூடியூபில் பார்த்துப் பார்த்து நான் ஆமைக் கதை பேசினால் உட்கார்ந்து கேட்கிற ஒரே ஆள்.

பாக் நீரிணையில் கடல்புல் மேய வருகிற பேராமைகள் எங்கே பிறந்தவை என்று டிஎன்ஏ வைத்துத் தேடுகிறார்கள், வாலண்டியர் கேட்கிறார்கள் என்று டீ டைமில் சொன்னேன்.

"ஆமைக்கு ஆதார் கார்டு எடுக்கப் போறாம்பா" என்று பேக்கிங் ஆட்கள் ஓட்டினார்கள். அண்ணன் லீவு போட்டுவிட்டு என்னோடு ராமேஸ்வரம் ரயில் ஏறினார்.

வலையில் மாட்டிய ஒரு பேராமை. முறையாக அனுமதி வாங்கி வந்திருந்த ஆராய்ச்சி மேடம், பின்துடுப்பில் அரிசி அளவு தோல் எடுத்தார். அண்ணன் ஈரத்துண்டால் அதன் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று பேசிக்கொண்டே இருந்தார்.

ஃபார்மையும் அவர்தான் எழுதினார். ஆமை கிடைத்த ஊரை எழுத வேண்டிய இடத்தில் விருத்தாசலம் என்று போட்டுவிட்டார்!

ஒரு வாரம் கழித்து மேடம் போன். உங்கள் ஊரில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். "ஊருன்னு போட்டிருந்துதுங்க மேடம். நம்ம ஊரத்தான கேப்பாங்க?" என்றார் அண்ணன். மேடம் சிரித்து முடிக்கவே நேரமானது.

அதன் பிறகு தினமும் ஒரே கேள்வி. "மெயில் வந்துச்சா தம்பி?"

இவ்வளவு அவசரம் ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "நான் பொறந்த வூடு இருந்த எடம் இப்ப நெலக்கரிச் சொரங்கப் பள்ளம். அந்த ஆமைக்காவது எந்தூருன்னு தெரிஞ்சிக்கலாமே" என்றார். சொல்லிவிட்டு சூளைப் பக்கம் போய்விட்டார்.

இன்று வந்த மெயிலில் இருப்பது இதுதான். அதன் அம்மா வழி டிஎன்ஏ, இலங்கைக் கரையில் முட்டையிடுகிற ஆமைகளோடு ஒத்துப்போகிறது. லட்சத்தீவிலும் அதே வகை இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

ரெண்டில் ஒண்ணைச் சொல்லுங்க என்று அண்ணன் மேடத்திடம் சண்டைக்குப் போயிருப்பார்...

பொண்ணிடம் சொல்லவில்லை. அழுகிற பிள்ளையிடம் என்னவென்று ஆரம்பிப்பது. வேறு யாருக்குச் சொல்வது என்றும் தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போயிட்டு வாங்கண்ணா.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள், கம்மாபுரம் பக்கம். அந்த வீட்டில் யார் முகமும் எனக்குத் தெரியாது. விருத்தாசலத்திலிருந்து யாராவது வருவீர்களா? கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.