சிவப்புப் பதினெட்டு

புது வீடியோ விளையாட்டுத் தட்டின் மெல்லிய உறையைக் கிழிக்கும்போது எழும் பிளாஸ்டிக் மணம் இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது. கூடவே, பெட்டியில் பதித்திருந்த சிவப்புப் பதினெட்டும் கண்ணில் நிற்கிறது. பதினெட்டு நிரம்பாதவருக்குக் கடைக்காரர் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. ஜேர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் வீட்டுக்கு அந்தப் போர் விளையாட்டு வந்தபோது அண்ணாவுக்குப் பதினான்கு, எனக்குப் பன்னிரண்டு.

அண்ணாவின் "சொய்க்னிஸ்"ஸில், அதுதான் பள்ளித் தேர்ச்சி அறிக்கையில், கணக்குக்கு முதல்தரம் வந்தால் கேட்டதை வாங்கித் தருவேன் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது என்ற சட்டத்துக்காகக் கண்ணாடிப் போத்தலைக்கூடத் தொட்டியில் போடாத, வெறுந்தெருவிலும் சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்கிற மனிதர் அவர். அவரைத் தேற்றி அனுப்பியவர் கீழ்வீட்டு அண்ணை: "சட்டம் விக்கிறவனுக்குத்தான் தம்பி. தேப்பன் வாங்கிக் குடுத்தா வீட்டுக்குள்ளை ஆர் வந்து பாக்கப்போறான்?" காசாளர்ப் பெண் யாருக்கு என்று கேட்டாளாம், அப்பா கூசாமல் "எனக்கு" என்றாராம். அம்மா முணுமுணுத்ததற்கு, "நாங்கள் பாக்காத சண்டையே? இது வெறும் படம்" என்று முடித்துவிட்டார். உண்மையான குண்டுக்குத் தப்பி ஓடி வந்தவருக்குத் திரையில் வெடிப்பது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. எங்கள் சனத்துக்கே உரிய பிழைக்கணக்கு இது.

அந்தக் குளிர்காலத்தில்தான் அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, ஊரிலிருந்து வந்து சேர்ந்தா. வன்னியில் ஒரே ஷெல்லடியில் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவ. ஒரு பின்னேரம் நானும் சித்தியும் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அண்ணாவின் அறையில் ஷெல்கள் கூவி வந்து விழத் தொடங்கின. சித்தி என் கையைப் பிடித்து இழுத்து மேசைக்கடியில் தள்ளி, என் மேல் கவிழ்ந்து படுத்தா. "தலையைக் குனி பிள்ளை, குனி!" அவவின் நெஞ்சு அடித்ததை என் முதுகு இன்னும் மறக்கவில்லை.

அப்பா மறுநாளே அண்ணாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தார். சத்தம் போனதும் பிரச்சினையும் போனதாக எல்லோரும் நம்பினார்கள். அப்பாவின் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. சட்டத்தின் மேலும் கொஞ்சம் உண்டு: பிள்ளைகளின் வயதை அளந்து முத்திரை குத்தியவர்கள், வயது வந்தவர்களுக்கு எதையும் தாங்கும் மனம் இருப்பதாக எப்படித்தான் முடிவு செய்தார்களோ.

இப்போது அந்தக் கடை இல்லை. அங்கே பேக்கரி வைத்துப் பாண் விற்கிறார்கள். தட்டும் பெட்டியும் போய், யாருக்கு என்று கேட்கிற பெண்ணும் போய்விட்டாள். திரைதான் பிறந்த ஆண்டைக் கேட்கிறது. ஒன்பது வயதான என் மகன் கண் சிமிட்டாமல் என்னுடையதைக் கொடுக்கிறான். எத்தனை பூட்டுப் போட்டாலும் சிநேகிதன் ஒருவன் திறப்போடு வந்துவிடுகிறான்.

போன சனிக்கிழமை சித்தி வந்திருந்தா. வரவேற்பறையில் வெடிச்சத்தம் கேட்டதும் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். சித்தி மகனுக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தா. திரையில் ஒரு சிப்பாய் குப்புற விழுந்து கிடந்தான்.

"இவன் செத்திட்டானோ?"

"ஓம். ஆனா இந்தப் பட்டனை அமத்தினா திரும்ப எழும்பி வருவான்."

சித்தி கொஞ்ச நேரம் அந்தப் பட்டனையே பார்த்தா.

"அப்ப அமத்து ராசா."

நிறுத்தத்தான் போனேன். கை வரவில்லை.