நூற்றிருபது கம்பிகள்

வானொலி நிலையத்தின் ஐம்பதாண்டு வரலாறு அச்சுக்குப் போகும் முன் ஒரு படி மீட்டரக்காவின் மேசைக்கும் வந்தது. ஒலிபரப்புக் கூடத்தில் முப்பத்தொரு வருடமாக மணிக்கொரு தரம் மீட்டர் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுகிறவள் என்பதால் அந்தப் பெயர். நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படித்ததும் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

'ஒலிபரப்புக்கூட ஊழியரின் கவனக்குறைவால் ஒலிவீச்சு குன்றி, நேயர்கள் பண்பலைக்கு மாறினர்.'

கூடத்தில் இருந்த ஊழியர் அவள் ஒருத்திதான். பெயரைப் போடாமல் விட்டது பெருந்தன்மையாம்!

மத்திய அலை நிலையத்துக்குக் கோபுரம் பாதிதான். மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. கோபுரத்தின் அடியிலிருந்து நாலாபக்கமும் நூற்றிருபது செம்புக் கம்பிகள் புதைந்து ஓடும்; அவை அறுந்தால் ஒலி தூரம் போகாது. "கோபுரத்தப் பாத்து வாயப் பொளக்காதீங்க, காலுக்குக் கீழ பாருங்க" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். கேட்க வேண்டியவர் மட்டும் கேட்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் மேலாளருக்கு அந்தக் காலி நிலத்தில் கார் நிறுத்த ஆசை வந்தது. மண்வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்று அவள் கத்தினாள்.

"மண்ணுக்குள்ள கெடக்குற கம்பிக்கு என்னம்மா வேலை? போய் உங்க வேலையப் பாருங்க" என்றார் மேலாளர்.

அன்று மாலையே எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் பழக்கடை வைத்திருக்கும் தம்பி போன் செய்தான். "அக்கா, உங்க ஸ்டேஷன் இங்க வெறும் கொர்ருன்னுதான் கேக்குது." மேலிடத்துக்கு அவள் எழுதிய கடிதங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாயின. செய்தவர் மேலாளர், பழி இவள் தலையில்.

படியையும் அந்த வருடத்து நோட்டையும் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். புத்தகத்தை எழுதிய ஓய்வுபெற்ற செய்தி வாசிப்பாளரும் அங்கேதான் இருந்தார்.

"பழசக் கிளறாதீங்கம்மா. ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார் மேலாளர்.

அவள் பக்கத்தைப் பிரித்துச் செய்தி வாசிப்பாளரிடம் நீட்டினாள். "நீங்களே படிங்க ஐயா. குரல் உங்களுக்குத்தான நல்லா இருக்கும்."

பழக்கதோஷம், அவர் செய்தியாகவே வாசித்தார். "காலை பத்து நாற்பது. கார் நிறுத்துமிடத்துக்காகத் தோண்டியதில் ஐம்பத்து மூன்று கம்பிகள் அறுந்தன. முள் பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு இறங்கியது. மேலாளரிடம் சொல்லியும் நிறுத்தவில்லை." பக்கத்தின் அடிக்குக் கண்ணை இறக்கினார். "கீழே, 'படித்தேன், சரி.' மேலாளர் கையெழுத்து."

மேலாளர் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். வாரத்துக்கு ஒருமுறை நோட்டை இழுத்து, போனில் பேசிக்கொண்டே ஏழு பக்கத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

"அது... நான் படிக்காமத்தான் போட்டேன்."

"கேட்டீங்களா ஐயா? கவனக்குறைவு யாருதுன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. எழுதிக்குங்க."

செய்தி வாசிப்பாளர் பேனாவை எடுத்து 'ஒலிபரப்புக்கூட ஊழியரின்' என்பதை அடித்து, மேலே 'மேலாளரின்' என்று எழுதினார். வாக்கியத்தில் வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மீட்டரக்காவுக்கு அப்போதும் ஆத்திரம் தீரவில்லை. வெளியே வந்தபோது மேலாளரின் கார் வழக்கமான இடத்தில், அந்த ஐம்பத்து மூன்று கம்பிகளின் மேல், நிழலில் நின்றிருந்தது.