திரும்பி வந்தால் நல்லது

உதட்டை அசைத்து அசைத்துத்தான் படிப்பார். போய்ச் சேராமல் திரும்பிய மெயிலின் தலைமாட்டில் ஒரு நீளமான குறிப்பு வருமே, அதை மற்றவர்கள் கண்டதும் அழித்துவிடுவார்கள். இவர் கடைசி வரி வரை விடமாட்டார். "அது வாயத் தொறந்து காரணம் சொல்லுது, நீங்கதான் கேக்க மாட்டேங்கிறீங்க!" என்று திட்டு வேறு. ஆனால் குறிப்புக்குக் கீழே இருக்கும் கடிதத்தை மட்டும் படிக்கவே மாட்டார்.

டைல்ஸ் விற்கும் அந்த நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். எல்லோருக்கும் 'தபால்காரம்மா'. ஜன்னலோர மேசை, பாதி குடித்து ஆறவிட்ட காபி, முதுகுத்துணி கிழிந்த ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலியை யாருக்கும் தரமாட்டார். மேனேஜரே வந்தாலும் நின்றுதான் பேச வேண்டும். "இடுப்புக்குப் பழகிப்போச்சு சார், கோவிச்சுக்காதீங்க" என்பார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவர் முன்னால்தான் குடோன்காரர் அன்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார். தூர தேசத்தில் இருக்கும் தங்கை, லீவு கிடைக்காமல் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வரவில்லை. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. 'வராதவ பார்க்கட்டும்' என்று கல்யாண போட்டோ அத்தனையையும் மெயிலில் அனுப்பித் தள்ளினார். போனில் வாய்க்கு வந்தபடி ஏசியும்விட்டார். அப்புறம் மனசு கேட்கவில்லை, கூப்பிட்டுப் பேச முகமும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதுதான் திரும்பி வந்திருந்தது. எல்லாவற்றையும் தபால்காரம்மாவிடம் கொட்டினார்.

"என்னைத் தடுத்து வெச்சுட்டாம்மா. அண்ணனே வேணாம்னு முடிவு பண்ணிட்டா."

தபால்காரம்மாவின் உதடு கடைசி வரியில் போய் நின்றது.

"அட, நீங்க வேற! தடுத்து வெச்சிருந்தா சத்தமில்லாம எங்கயோ போய் விழுந்திருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. திரும்பி வந்தா நல்லதுண்ணே. உங்க தங்கச்சியோட மெயில் பெட்டி நிரம்பிடுச்சு, எடமில்லைன்னுதான் சொல்லுது. ஆமா, அந்த போட்டோவைச் சுருக்கித்தானே அனுப்பினீங்க?"

குடோன்காரர் திருதிருவென்று விழித்தார். "இல்லம்மா... அப்படியே..."

"சரியாப்போச்சு! உங்க கோவமே வாசல்ல குறுக்க உக்காந்திருக்கு. தங்கச்சிக்கு போனைப் போடுங்க."

குடோன்காரர் எண்ணைத் தேடி எடுத்ததும் தானே போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க அண்ணன் ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா. அவரு எழுதின மெயில் உள்ள வர முடியாம திரும்புது. அந்தப் பெரிய பெரிய கல்யாண போட்டோவை மட்டும் அழிச்சிட்டீங்கன்னா..."

"ஐயோ, அதையா? மாட்டேங்க!" அந்தப் பக்கம் குரல் பதறியது. "தினமும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அண்ணன்தான் பேசறதில்ல, அதுவாவது இருக்கட்டும். வேற எதையாவது அழிக்கிறேன். அண்ணன் என்ன எழுதியிருக்கு?"

"நான் படிக்கலம்மா. அவரே சொல்லுவாரு."

குடோன்காரர் தபால்காரம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த மெயில் திரும்பி வராமல் எங்கேயோ விழுந்திருந்தால்? தங்கை மனசு தெரியாமலே போயிருக்கும். "நீ நல்லா இருக்கணும் தாயி" என்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

தபால்காரம்மா ஸ்பீக்கரை அணைத்து, போனை அவர் கையில் வைத்தார். எழுந்தார். தன் நாற்காலியை அவர் பக்கம் உருட்டிவிட்டு, ஆறிய காபியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.